மாடி வீட்டுப் பொழுதுகள் – 14: கரம் பெட்டிக்குள் ஒரு படை

எலிபேங்க் வீதித் தொடர்மாடியில் எங்கள் வீட்டுக்கு மேல்தளத்தில் இருக்கும் பெடியனுக்குப் பதின்மூன்று வயது. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கைத்தொலைபேசியை நீட்டியபடி படியிறங்கி வந்தான். திரையில் ஒரு பெட்டியின் படம். கவசம் பூண்ட வீரர்கள், பின்னால் எரியும் வானம், மூலையில் விலை: நூறு பவுணுக்குக் கிட்ட.

"மாமா, இதை வாங்கினால் விளையாடத் தொடங்கலாம்தானே?"

பவுண் 400 ரூபாய் என்று வைத்தால் 40,000 ரூபாய். அதற்கு மேல் கப்பற்கூலி, வரி. ஒரு வீட்டின் ஒரு மாதப் பலசரக்குக்குப் போகும் காசு. அதைச் சொன்னால் பிள்ளையின் முகம் வாடும், சொல்லாவிட்டால் அவன் தாயின் முகம் வாடும். ஆகவே இரண்டும் செய்யாமல், "முதல்ல உங்கட கரம் பெட்டியைக் கொண்டு வா" என்றேன்.

கொண்டு வந்தான். பலகையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் காய்களைக் கொட்டினோம். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று, ஸ்ட்ரைக்கர் ஒன்று. ஆக இருபது. பக்கத்துக்குப் பத்து என்று பிரித்தேன். வெள்ளைக்குச் சிவப்புக் காய் தளபதி, கறுப்புக்கு ஸ்ட்ரைக்கர் தளபதி. அவனுக்கு அப்போது விளங்கவில்லை. அன்று மத்தியானத்துக்குள் விளங்கிவிட்டது.

இந்த வாரம் எழுதப்போவது அந்த விளையாட்டைப் பற்றி. மேசையின் மேல் சிறு பொம்மை வீரர்களை வைத்து, அளவு நாடாவால் தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. சதுரங்கத்தில் கட்டங்கள் உண்டு. இதில் கட்டம் கிடையாது. மேசை முழுவதும் நிலம். ஒரு வீரன் ஆறு அங்குலம் நடப்பான் என்றால், எந்தத் திசையிலும் ஆறு அங்குலம். நடுவே குன்று இருந்தால் ஏறுவதற்குப் பாதித் தூரம் போகும். வில்லாளி எய்ய வேண்டுமென்றால் குனிந்து, அவன் கண் மட்டத்தில் நின்று, எதிரி தெரிகிறானா என்று நாமே பார்க்க வேண்டும். அந்தக் குனிந்து பார்க்கும் கணத்தில் மேசை மறைந்து இடம் தெரியும். இந்த விளையாட்டின் இன்பமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பெட்டியின் விலை அதில் ஒரு துளியும் கூட்டுவதில்லை.

காசில்லாதவன் சொல்லும் ஆறுதல் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஆட்டத்தின் சரித்திரமே அது எப்படிப் படிப்படியாக மலிவானது என்ற சரித்திரம்.

1812 இல் பிரஷ்ய நாட்டில் பாரன் வொன் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, தன் அரசனுக்காக ஒரு போர் மேசை செய்து கொடுத்தார். நிலத்தின் மேடுபள்ளமெல்லாம் வர்ணம் தீட்டிய துண்டுகளாக, எப்படியும் மாற்றி அடுக்கக்கூடியவையாக, இழுப்பறைகளில் இருந்தன. அழகான பொருள். ஆனால் அரண்மனைக்குள்ளேயே தங்கிவிட்டது; வேறு யாரால் அப்படி ஒன்றைச் செய்ய முடியும்? அவருடைய மகன் பீரங்கிப் படையில் இளநிலை அதிகாரி. அவர் அந்த மேசையை எறிந்துவிட்டு, அச்சடித்த வரைபடத்தின் மேல் சிறு கட்டைகளை நகர்த்தும் முறையாக அதை மாற்றினார். 1824 இல் படைத் தலைமையிடம் காட்டினார். தலைமை அதிகாரி முஃப்ளிங் அரைமனத்தோடு பார்க்க உட்கார்ந்தவர், இது விளையாட்டு அல்ல, பயிற்சி என்று சொல்லி எழுந்தாராம். அதன் பின் அது படைப்பிரிவுகள் எங்கும் போனது. தகப்பனின் மேசை ஒரு அரசனுக்கு, மகனின் காகிதம் ஒரு படைக்கே.

அடுத்த திருப்பத்துக்கும் எங்கள் பேட்டைக்கும் ஒரு சிறு தொடர்பு இருக்கிறது. இந்த ஹெவ்லொக் டவுன் பகுதிக்குப் பெயர் கொடுத்தவர் சேர் ஆர்தர் எலிபேங்க் ஹெவ்லொக். 1890 முதல் 1895 வரை இலங்கையில் ஆளுநர், பிறகு சென்னை மாகாணத்துக்கும் ஆளுநராகப் போனவர். அவர் இங்கே இருந்த காலத்தில், 1893 இல், லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்ற பொம்மைக்காரரின் குடும்பம் ஈயப் பொம்மைகளை உள்ளே வெறுமையாக வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தது. அச்சில் உருகிய ஈயத்தை ஊற்றி, வெளிப்புறம் இறுகியவுடன் நடுவில் இருப்பதைத் திரும்ப ஊற்றிவிடுவார்கள். ஈயம் குறைந்தது, பாரம் குறைந்தது, விலையும் குறைந்தது. அதுவரை ஜெர்மனியில் இருந்து வந்த கனத்த பொம்மைகள் சந்தையில் பின்னுக்குப் போயின. சாதாரண வீட்டுப் பிள்ளையும் ஒரு பெட்டி வீரர்களை வைத்திருக்க முடிந்தது.

அப்படிப் பெருகிய பொம்மைகளைத் தரையில் பரப்பி விளையாடியவர்களில் ஒருவர் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ். அவர் 1913 இல் வெளியிட்ட விதிப்புத்தகத்தின் பெயர் 'லிட்டில் வோர்ஸ்'. தமிழில் சொன்னால் சிறுபோர். நமக்குச் சிற்றில் உண்டு, சிறுதேர் உண்டு, சிறுபறை உண்டு. பெரியவர்களின் உலகத்தைக் கைக்குள் அடங்குகிற அளவில் செய்து விளையாடுவதற்கு 'சிறு' என்ற ஒரு முன்னொட்டே தமிழில் போதும். வெல்ஸின் வீட்டுக் குன்றுகள் கலைக்களஞ்சியத் தொகுதிகள். பீரங்கி, மரக்குச்சியைச் சுடும் ஒரு ஸ்பிரிங் பொம்மை. உலகம் அறிந்த எழுத்தாளர் தரைவிரிப்பில் முழங்காலிட்டு ஆடியது இதைத்தான். அந்தப் புத்தகத்தை முடிக்கும்போது, இந்தச் சிறுபோரை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தாலே பெரும்போர் எவ்வளவு மூடத்தனமானது என்று தெரிந்துவிடும் என்ற கருத்தை அவர் வலியுறுத்துகிறார். அடுத்த வருடம் முதலாம் உலகப் போர் தொடங்கியது.

1959 இல் எயார்ஃபிக்ஸ் கம்பனி விரற்கணு உயரத்தில் மென்பிளாஸ்டிக் வீரர்களை விற்கத் தொடங்கியது. ஒரு சிறு பெட்டியில் நாற்பதுக்கு மேற்பட்ட உருவங்கள். பிள்ளைகளின் கைச்செலவுக் காசுக்கு ஒரு படை. இன்று பெரிய பெயராக இருக்கும் வோர்ஹாமர் 1983 இல்தான் வந்தது. அந்தப் பெடியன் திரையில் பார்த்தது அந்த வழியில் வந்த பெட்டி. அழகில் அதற்கு ஈடில்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொடங்குகிறவன் அங்கே தொடங்க வேண்டியதில்லை.

நான் அங்கேதான் தொடங்கினேன். 2019 இல், வெளிநாட்டுக் கடை ஒன்றில் இருந்து ஒரு பெரிய பெட்டி எடுப்பித்தேன். ஆட்டத்தை ஒருமுறைகூட ஆடிப் பார்த்ததில்லை. கூட ஆட யார் இருக்கிறார்கள் என்று யோசித்ததுமில்லை. பெட்டி வந்த அன்று மணந்து பார்த்தேன், துண்டுகளை எண்ணினேன், பாதியை ஒட்டினேன். மற்றப் பாதி இன்னமும் பிளாஸ்டிக் சட்டத்திலேயே இருக்கிறது. பிறகு 2022 வந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மீதிப் படையை வாங்கும் எண்ணம் அத்தோடு போனது. அந்த வருடம் மின்வெட்டு இரவுகளில், மெழுகுதிரி வெளிச்சத்தில், கரம் காய்களை வைத்து ஆடியபோதுதான் முதல்முறையாக இந்த விளையாட்டை நான் உண்மையில் ஆடினேன்.

ஆகவே என் முதல் வார்த்தை: மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பார்க்கும்வரை ஒன்றும் வாங்க வேண்டாம்.

அந்தப் பெடியனுக்குச் சொல்லிக் கொடுத்த விதியை அப்படியே தருகிறேன். போட்டிக் கரம் பலகையின் ஆடுபரப்பு 29 அங்குலச் சதுரம். அதன் மேல் ஒரு பழைய பச்சைத் துணியை விரியுங்கள், பலகையைக் கீறக்கூடாது. ஒரு மூலையில் இரண்டு புத்தகம், அது குன்று. நடுவில் ஒரு தீப்பெட்டி, அது வீடு. குறுக்கே ஒரு நீலத் துணித்துண்டு, அது ஆறு. வெள்ளவத்தைக் கால்வாய் என்று பெயர் வைத்தாலும் சரி. தையற்காரர் கழுத்தில் போடுகிற அளவு நாடா ஒன்று வேண்டும். அதில் ஒரு பக்கம் அங்குலம் இருக்கும். லூடோப் பெட்டியில் இருந்து இரண்டு தாயக்கட்டை.

உங்கள் முறை வந்ததும் ஒரு கட்டையை உருட்டுங்கள். விழுந்த எண்ணிக்கைதான் இந்த முறை நீங்கள் அசைக்கக்கூடிய காய்களின் எண்ணிக்கை. ஒவ்வொன்றும் நான்கு அங்குலம் வரை போகலாம். குன்றிலும் ஆற்றிலும் இரண்டு. எதிரிக் காயைத் தொட்டுவிட்டால் சண்டை. இருவரும் ஆளுக்கொரு கட்டை உருட்டுங்கள். குன்றின் மேல் நிற்பவருக்கு ஒன்று கூட்டுங்கள், தளபதிக்கு ஒன்று கூட்டுங்கள். கூடியவர் மற்றவரை ஒரு அங்குலம் பின்னுக்குத் தள்ளுவார். இரண்டு மடங்கோ அதற்கு மேலோ வந்தால் எதிரிக் காய் பலகையை விட்டுப் போகும். முதலில் நான்கு காய் இழந்தவர் தோற்றார். அவ்வளவுதான்.

அந்தப் பெடியன் முதல் ஆட்டத்தில் தன் பத்துக் காயையும் ஒரே வரிசையில் கொண்டு வர நினைத்தான். முதல் உருட்டலில் ஐந்து விழுந்தது. அடுத்து ஒன்று. பிறகும் ஒன்று. பாதிப் படை ஆற்றுக்கு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். "மாமா, நான் சொல்லுறதை அவங்கள் கேக்கிறாங்களில்லை" என்றான். அவன் வாயால் அதைக் கேட்டபோது எனக்கு மிகுந்த சந்தோஷம். நினைத்ததெல்லாம் நடக்காது, கையில் இருக்கும் சொற்ப அசைவை எங்கே செலவழிப்பது என்பதே கேள்வி. அந்தக் கேள்வி ஒருவனைப் பிடித்துக்கொண்டால் அவன் இந்த விளையாட்டுக்கு உரியவன். பிடிக்காவிட்டால் 40,000 ரூபாய் மிச்சம். காய்களைத் துடைத்து வைத்துவிட்டுக் கரமே ஆடலாம்.

இந்த எண்ணம் என்னுடையது அல்ல. பில் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1990 இல் வெளியிட்ட டி.பி.ஏ. என்ற விதித்தொகுப்பின் அடிப்படை இது. முழுப்பெயர் லத்தீன் மொழியில் 'டி பெல்லிஸ் அன்டிகுவிடாடிஸ்', பழங்காலப் போர்கள் பற்றி என்று பொருள். பக்கத்துக்குப் பன்னிரண்டு அணி மட்டும், சிறிய அளவுப் பொம்மைகளுக்கு இரண்டடிச் சதுர மேசை, ஒரு மணித்தியாலத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். நூற்றுக்கணக்கான பொம்மைகளை வாங்கினால்தான் போர் என்று இருந்த காலத்தில், பன்னிரண்டு அணியே போதும் என்று ஒருவர் சொன்னது பெரிய காரியம். அதன் படைப்பட்டியலைப் புரட்டினால் ரோமரும் கிரேக்கரும் இருக்கும் வரிசையில் தமிழ், சிங்களப் படைகளும் இருக்கும். யானை உட்பட.

பழங்காலம் வேண்டாம், மந்திரவாதியும் பூதமும் வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு ஃப்ரோஸ்ட்கிரேவ் நல்லது. ஜோசப் மக்கலோ எழுதி 2015 இல் ஒஸ்ப்ரே வெளியிட்டது. ஒரு மந்திரவாதி, ஒரு சீடன், எட்டுக் கூலிவீரர், மொத்தம் பத்து. எந்தக் கம்பனிப் பொம்மையை வைத்தும் ஆடலாம் என்று அதை எழுதியவரே சொல்லிவிட்டார். இருபது முகத் தாயக்கட்டை ஒன்று வேண்டும். கிடைக்கும்வரை ஒன்று முதல் இருபது வரை எழுதிய துண்டுச் சீட்டுகளைப் பேணிக்குள் போட்டு எடுக்கலாம். காசே செலவழிக்க விருப்பமில்லை என்றால் ஒன் பேஜ் ரூல்ஸ் என்ற தொகுப்பின் அடிப்படை விதிகள் இலவசம். சில தாள்கள்தான், வீதி முனைக் கடையில் போட்டோகொப்பி எடுத்தால் முடிந்தது.

இத்தகைய விளையாட்டுகள் பலவற்றில் 'புள்ளி' என்று ஒரு கணக்கு வரும். ஒரு குதிரைவீரன் இத்தனை புள்ளி, ஒரு காலாள் இத்தனை புள்ளி, இரு பக்கமும் கூட்டினால் சமமாக இருக்க வேண்டும் என்பது முறை. புதியவர்கள் இதில் தடுமாறுவார்கள். ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும். மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு. அப்படியானால் ஒரு புலியின் புள்ளி ஐந்து ஆட்டுக்குச் சமம் என்று நம் முன்னோர் திண்ணையில் கரிக்கோட்டால் கணக்குப் பார்த்து வைத்துவிட்டார்கள். வலிமை வேறான இரு படையைச் சமமாக நிறுத்துவது எப்படி என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எந்த விதிப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. இலங்கையின் நீர்ப்பாசனப் பகுதியில் எந்திரியாக இருந்த ஹென்றி பார்க்கர் 1909 இல் வெளியிட்ட 'ஏன்ஷன்ட் சிலோன்' நூலில், சிங்களக் கிராமங்களில் ஆடப்பட்ட சிறுத்தை ஆட்டத்தையும் இதைப்போல வேறு பலகை ஆட்டங்களையும் கட்டம் வரைந்து பதிவு செய்திருக்கிறார். குன்றிமணியும் கூழாங்கல்லும்தான் அன்றைய மினியேச்சர்.

மூன்று ஞாயிறு கழிந்தது, ஆசை குறையவில்லை என்றால் அடுத்த படி காகிதம். ஓவியர் பீற்றர் டெனிஸ் வரைந்த காகித வீரர் புத்தகங்களை ஹீலியன் நிறுவனம் வெளியிடுகிறது. புத்தகத்தை வாங்கியவர் ஒரு பக்கத்தை வேண்டிய அளவு பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவற்றின் நோக்கமே. அது கைக்கு எட்டாவிட்டால் நீங்களே வரையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

பிஸ்கட் பெட்டி அட்டையை இரண்டங்குல நீளம், ஓரங்குல அகலத்தில் வெட்டி, நடுவில் மடித்தோம். ஒரு பக்கம் முகம், மறு பக்கம் முதுகு. மடிப்புத் தலைப்பக்கம் வர, கீழே இரண்டு ஓரத்தையும் கால் அங்குலம் வெளியே மடக்கினால் நிற்பதற்குப் பாதம். இரும்புக் கடையில் வாஷர் வாங்கி அடியில் ஒட்டினோம். மின்விசிறி சுழன்றாலும் விழாது. பெடியன் முதலில் வரைந்த வீரனுக்குக் கழுத்தே இல்லை. ஐந்தாவது வீரனுக்குக் கேடயம் வந்தது. ஒன்பதாவது வீரனின் கையில் அவன் ஈர்க்கு ஒன்றை ஒட்டினான். தும்புத்தடிக்கும் விளக்குமாற்றுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை, அம்மாவின் விளக்குமாற்றில் இருந்து ஒரு நல்ல ஈர்க்கைத் தேடி எடுத்து, இரண்டு அங்குலத்தில் நறுக்கி, நுனியைச் சீவி, ஈட்டியாக்கி ஒட்டினான். அந்தக் காகித வீரன் என் அலுமாரியில் இருக்கும் எந்தப் பிளாஸ்டிக் வீரனைவிடவும் நேராக நிற்கிறான்.

நிலம் செய்யவும் வெளியே போக வேண்டாம். வடித்த தேயிலைச் சக்கையை வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, பைண்டர் கம் பூசிய அட்டை மேல் தூவினால் உதிர்ந்த சருகு மூடிய காட்டுத் தரை. வெளிநாட்டில் இதைச் சிறு போத்தலில் அடைத்து விற்கிறார்கள். தேயிலை நாட்டில் நாம் அதற்குக் காசு கொடுக்கக்கூடாது. பாத்திரம் கழுவும் பஞ்சைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் தோய்த்தால் பற்றை. தும்புத் தூள் சேற்றுநிலம். வெள்ளவத்தைக் கடற்கரை மணலை எடுத்தால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு இருந்தால் ஈரம் பிடித்துப் பூச்சுக் கிளம்பிவிடும்.

ரிஜிபோம் குன்றுக்கு நல்லது. தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டைக்குள் இருந்ததை எறியாதீர்கள். ஆனால் அதன் மேல் நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள். நான் அடித்தேன். ஒரு முழுக் குன்று என் கண் முன்னால் குழி விழுந்து உருகிப் போனது. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ரிஜிபோமைத் தின்றுவிடும். முதலில் பைண்டர் கம்மில் சாயம் கலந்து தூரிகையால் இரண்டு பூச்சு, காய்ந்த பிறகு எதுவும்.

கொழும்பின் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொம்மைக்கு அடிப்பூச்சும் கடைசி வார்னிஷும் ஸ்ப்ரேயில் அடிக்கிறவர்கள், மழைக்கால மாலையில் அடித்தால் வெள்ளை மூட்டம் படியும். காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை, வெயிலேறிய முற்பகலில், மொட்டைமாடியில் அடிப்பது உத்தமம். மற்றக் காலத்தில் தூரிகைதான். அதே ஈரம் சூப்பர் குளூவுக்கு நண்பன். அந்தப் பசை ஈரத்தால்தான் இறுகுகிறது. குளிர்நாட்டில் அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டியது இங்கே சட்டென்று பிடித்துவிடும், விரலும் சேர்ந்து. பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் பிறகும் பொம்மை வாங்க ஆசை இருந்தால், அது நியாயமான ஆசை. வாங்குங்கள். ஆனால் ஒரு பெட்டி மட்டும், இரு பக்கத்துக்குமாக. இதுதான் நான் பட்டுத் தெரிந்த பாடங்களில் பெறுமதியானது. லண்டனில் ஒருவர் ஒரு படையைச் சேர்த்தால், எதிர்ப்படையைச் சேர்த்துக்கொண்டு காத்திருக்கும் இன்னொருவர் கிடைப்பார். ஹெவ்லொக் டவுனில் அப்படி இல்லை. விருந்தாளி வெறுங்கையோடு வந்தாலும் ஆட வைக்க நம்மிடம் இரண்டு படையும் இருக்க வேண்டும். ஃப்ரோஸ்ட்கிரேவ் வீரர் பெட்டியில் இருபது உருவம். பத்துக்குச் சிவப்புத் தொப்பி, பத்துக்கு நீலத் தொப்பி. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் வரும் சிறு பிளாஸ்டிக் வீரர் பெட்டி என்றால் ஒன்றிலேயே நாற்பதுக்கு மேல். மூன்று தூரிகை, ஆறு நிற அக்ரிலிக் சாயம்: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள், மண்ணிறம். மண்ணிறத்தைத் தண்ணீராகக் கரைத்துக் கடைசியில் ஒரு முறை ஓடவிட்டால், மடிப்புகளுக்குள் போய்த் தங்கி, முகத்துக்கு நிழல் வந்துவிடும். 120 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கினால் வாஷர், துணி, தூரிகை எல்லாம் ஒரு நடையில் முடிந்துவிடும்.

இனி ஒரு விஷயம். அதைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க எனக்கு மனம் இல்லை.

மூன்றாவது ஞாயிறு நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது பெடியனின் அம்மம்மா இறங்கி வந்தார். 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் வீடு எரிந்து, அகதி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர். பிறகு அங்கிருந்தும் இடம்பெயர்ந்தவர். மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சண்டை எண்டால் உங்களுக்கு விளையாட்டே தம்பி?"

எனக்குப் பதில் வரவில்லை. வெல்ஸ் சொன்னதைச் சொல்லலாம். சதுரங்கமும் யானை, குதிரை, தேர், காலாள் என்று நாற்படை வைத்த போர்தானே என்று சொல்லலாம். இருபத்தாறு வருடப் போரைத் தாண்டி வந்த ஒருவர் முன்னால் அந்த வார்த்தைகள் எதுவும் வாயில் எழவில்லை. அவரே தீப்பெட்டி வீட்டைக் காட்டிக் கேட்டார்.

"இந்த வீட்டில இருந்த சனம் எங்க?"

விதிப்புத்தகங்கள் பலவற்றில் அந்தச் சனம் இல்லை. வீடு என்பது ஒளிந்து நின்று சுட ஓரிடம், அவ்வளவுதான். அன்று பெடியன் லூடோப் பெட்டியில் இருந்து நான்கு மஞ்சள் காய்களை எடுத்து வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "இவையள்தான் அம்மம்மா. இவையளை ஆத்துக்கு அங்கால கொண்டுபோய் விட்டால்தான் வெற்றி" என்றான். அடுத்த ஆட்டம் அப்படியே நடந்தது. மஞ்சள் காய்கள் முறைக்கு இரண்டங்குலம்தான் நடக்கும். அவற்றை யாரும் தாக்கக்கூடாது; ஆனால் வழி அடைபட்டால் நின்றுவிடும். அந்த நான்கு காயையும் கரை சேர்க்கப் பெடியன் தன் படையில் மூன்றை இழந்தான். நான் இதுவரை ஆடிய ஆட்டங்களில் மிகக் கடினமானது அது, மிக நல்லதும் அதுதான்.

அன்று முதல் எங்கள் மேசைக்கு இரண்டு சட்டம். ஒன்று, இந்த நாட்டில் உயிரோடிருப்பவர்கள் நினைவில் உள்ள எந்தப் போரையும் ஆடுவதில்லை. வேண்டுமானால் முல்லேரியா இருக்கிறது: 1559 இல் சீதாவாக்கைப் படை போர்த்துக்கேயரை முறியடித்த சதுப்புநிலம், இங்கிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். கன்னொறுவை இருக்கிறது, 1638. யானையும் துப்பாக்கியும் ஒரே களத்தில் நின்ற காலம். பிள்ளைகள் தேடிப் படிப்பார்கள். இரண்டு, எந்த ஆட்டத்திலும் வீடு இருந்தால் அதில் சனம் இருக்க வேண்டும்.

பிள்ளை போர் விளையாட்டுக் கேட்கிறான் என்று முகம் சுளிக்கும் பெற்றோர் இருக்கிறீர்கள். உங்கள் தயக்கத்தின் காரணம் எனக்குத் தெரியும், அதை மதிக்கிறேன். திரையில் நிமிடத்துக்கு நூறு பேரைச் சுட்டுத் தள்ளும் விளையாட்டை அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கலாம். மேசையில் ஒரு வீரனை அவன் தானே வெட்டி, வரைந்து, ஈர்க்கு ஒட்டி நிறுத்துகிறான். அந்த வீரன் விழும்போது பிள்ளைக்கு வலிக்கிறது. ஒரு ஞாயிறு அவனோடு எதிரில் உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக் கரம் பெட்டியில் காய்கள் குறைந்திருக்கலாம். பரவாயில்லை. குறைகிற இடத்துக்குச் சோடாப் போத்தல் மூடி ஒன்று போதும்.

(தொடரும்)